நாகஜோதியின் பத்து வருஷம்

நாகஜோதிக்குக் கண்ணாடியில் பார்த்தால் ஐம்பத்தொன்று, ஆதார் அட்டையில் பார்த்தால் அறுபத்தொன்று. இடையில் உள்ள பத்து வருஷத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், அவள் விரலை நீட்டிக் காட்டுவது தன் புருஷன் மாரிக்கண்ணனைத்தான்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆதார் எடுக்க ஆள் வந்தது. திருச்சுழியிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர். சனம் முழுக்க வரிசையில் நின்றது. நாகஜோதி கொத்தமல்லிக் காட்டில் களை எடுத்துவிட்டு, கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடி வந்து நின்றாள். மெஷினில் அவள் ரேகை விழவில்லை. காட்டு வேலை செய்கிற கையில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? ஈரத் துணியைக் கொடுத்து விரலை நன்றாகத் துடைக்கச் சொன்னார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது நடந்தது.

"அண்ணே, இவுக பொறந்த வருசம்?" என்று கேட்டான் மெஷின்காரப் பையன்.

மாரிக்கண்ணன் காதில் போனை வைத்து ஒரு லோடு பேசிக்கொண்டிருந்தார். "அறுவத்தி நாலோ எழுவத்தி நாலோ, ஏதாச்சும் ஒண்ணப் போடுங்க தம்பி. பின்னால லைன் நிக்கிதுல்ல."

பையன் முதலில் காதில் விழுந்ததைப் போட்டான். நாகஜோதி விரலைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பத்து வயது ஏறிவிட்டது.

அட்டை வீட்டுக்கு வந்தபோது அவள் ஆடிய ஆட்டத்தில் தெருவே கூடியது. மாரிக்கண்ணனோ டீக்கடையில் போய், "எம் பொண்டாட்டி எனக்கு அஞ்சு வயசு மூத்தவப்பா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தார். பிறகு, "சரி, ஒன் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்ட எடு, மாத்திருவோம்" என்றார். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் நாகஜோதிக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

காரணம் இருந்தது. அவளுடைய பிறந்த தேதி ஒழுங்காக அச்சாகியிருந்தது உலகத்திலேயே ஒரே ஒரு காகிதத்தில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில். அதே காகிதத்தில் கணக்குப் பாடத்துக்கு நேரே இருபத்தேழு என்றும் அச்சாகியிருந்தது. பெண் பார்க்க வந்தபோது அவள் அப்பா, "பொண்ணு பத்தாவது பாஸு" என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார். எட்டாவதோடு நின்ற மாரிக்கண்ணன் முப்பது வருஷமாக, "எங்க வீட்ல பத்தாவது பாஸு" என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறார். ஆகவே அந்தக் காகிதம் டிரங்குப் பெட்டியில், கூறைச் சேலைக்கு அடியில், நாலாக மடிந்து கிடந்தது. பத்து வயது கூடுவதா, பத்தாவது பெயிலாவதா என்று வந்தபோது, வயதே கூடிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

மாரிக்கண்ணனின் தொழில் லோடு ஆட்டோ ஓட்டுவது. அருப்புக்கோட்டைத் தறிக்கூடங்களில் சேலைக் கட்டுகளை ஏற்றி மதுரையிலும் விருதுநகரிலும் கொண்டுபோய்ப் போடுவார். அது போக நாலு ஏக்கர் கரிசல். இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த தொழில். மனசுக்குள் அவர் நடத்திவந்த தொழில் வேறு. விமான டிக்கெட்டு விலையைக் குறைக்கிற கூப்பன் 'கோடு' கண்டுபிடிப்பது.

ஆரம்பித்து வைத்தவர் வீரசோழன் ஊர் ஜவுளி வியாபாரி சின்ன மீரான். ஒருநாள் மாரிக்கண்ணன் லோடு இறக்கப் போனபோது, மீரான் குவைத்தில் இருக்கிற தம்பிக்குப் போனில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். பணம் கட்டுகிற இடத்துக்கு மேலே ஒரு சின்னக் கட்டம் காலியாகக் கிடந்தது.

"இது என்ன பாய், இதுல ஒண்ணும் எழுதாம விட்டுட்டீக?"

"அது கோடு இருந்தாப் போடுறதுப்பா. ஏதோ தள்ளுபடி வருமாம். நமக்கு ஏது கோடு?"

விதைக்காமல் கிடக்கிற நிலத்தைப் பார்த்த மாதிரி மாரிக்கண்ணனுக்கு மனசு என்னவோ செய்தது. அங்கேயே சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் தேடி, எங்கிருந்தோ ஒரு கோட்டைப் பிடித்துக் கட்டத்தில் போட்டார். பச்சை எழுத்து வந்தது. ஆயிரத்து எண்ணூறு ரூபாய் குறைந்தது. மீரான் பாய் ஒரு செண்டு பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார். அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு.

அதற்குப் பிறகு வீரசோழனில் யார் வளைகுடாவுக்குப் போனாலும் வந்தாலும் டிக்கெட்டுக்கு மாரிக்கண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். கமிஷன் வாங்க மாட்டார். அந்தப் பச்சை எழுத்து வந்தால் போதும். கண்ணில் பட்ட கோடுகளை எல்லாம் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதி, லோடு ஆட்டோவில் ஸ்டியரிங்குக்கு முன்னால் செருகி வைப்பார். சில கோடு செவ்வாய், புதன் மட்டும் வேலை செய்யும். சில கோடு ஒரு குறிப்பிட்ட பேங்குக் கார்டுக்குத்தான் விழும். அந்த பேங்குக் கார்டு ஊரில் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் ஐயாத்துரை வாத்தியாரிடம் இருக்கும். வாத்தியார் அவரைக் கண்டாலே சட்டைப் பையைக் கையால் மூடிக்கொள்வார்.

முதல் தடவை வருகிற ஆளுக்கென்று ஒரு கோடு உண்டு. அதற்குப் புது நம்பர் வேண்டும். அதனால் தெருவில் ஒரு போன் விடாமல் வாங்கி அத்தனையிலும் விமானக் கம்பெனி ஆப்பை ஏற்றிவைத்தார். வெள்ளாடு மேய்க்கிற சின்னச்சாமிக்குத் தினமும் காலையில், 'சின்னச்சாமி, பாங்காக் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று மெசேஜ் வந்தது. "ஏலே மாரி, இந்தப் பய என்னய ஏன்டா தெனம் கூப்புடுறான்? ஆட்ட எவன் பாப்பான்?" என்று அவர் ஒருநாள் வீட்டுக்கே வந்து கேட்டார்.

இவ்வளவுக்கும் மாரிக்கண்ணன் விமானத்தில் ஏறியதில்லை. மதுரைக்கு லோடு போகும்போது பெருங்குடிப் பக்கம் தலைக்கு மேலே இறங்குகிற விமானத்தை அண்ணாந்து பார்த்து, "இதுல எத்தன பேரு முழுக் காசு குடுத்து ஏமாந்து வாரானோ" என்று வருத்தப்படுவதோடு சரி.

ஏறுகிற நாளும் வந்தது. மகள் பாண்டிமீனாவும் மருமகன் தங்கபாண்டியும் ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறார்கள். அங்கே ஒரு வீடு வாங்கி, ஆவணியில் பால் காய்ச்சுவதாக நாள் குறித்தார்கள். சம்பந்தி பால்ச்சாமி பாத்திர பண்டங்களோடு ரயிலில் முன்னாலேயே போவதென்றும், சம்பந்தியம்மாள் தங்கலட்சுமிக்கு முழங்கால் வலி என்பதால் இவர்களோடு விமானத்தில் வருவதென்றும் ஏற்பாடு. மகள் தானே டிக்கெட் போட்டுவிடுவதாகச் சொன்னாள்.

"நீ முழுக் காசு குடுத்துப் போட்டா நான் ஏற மாட்டேன். நடந்தே வாரேன்" என்றார் மாரிக்கண்ணன்.

நாலு நாள் தேடினார். ஐந்தாம் நாள் மத்தியானம் நாகஜோதி முறத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். லோடு ஆட்டோவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"ஏ நாகு! ஒனக்கு அறுவது முடிஞ்சிருச்சுல்ல?"

"ஒங்களுக்குப் புத்தி முடிஞ்சிருச்சா?"

"நெசத்துல இல்ல புள்ள, ஆதார்ல!" இறங்கி ஓடிவந்தார். "பெரியவுக கோடுன்னு ஒண்ணு வந்திருக்கு. ஒரு டிக்கெட்டுல அறுவது தாண்டுன ஆளு ஒண்ணு இருந்தாப் போதும், கூடப் போற எல்லாருக்கும் கொறையுது. மூணு பேருக்கு நாலாயிரத்து எரநூத்தி அறுவது ரூவா! இத்தன நாளா வெளிய தேடிக்கிட்டு இருந்தேன் பாரு, வீட்டுக்குள்ளயே ஆள வச்சுக்கிட்டு."

"முறத்தால அடிச்சிருவேன், பாத்துக்கோங்க."

"இது பொய்யாடீ? கவர்மெண்டே ஒன்னயப் பெரியவன்னு எழுதிக் குடுத்திருக்கு. அதோட சக்கர நாற்காலி சும்மாத் தாரான். அதுக்கும் டிக்குப் போட்டுட்டேன்."

"எனக்கு எதுக்குங்க சக்கர நாற்காலி?"

"சும்மாத் தாரான்ல?"

நாகஜோதி யோசித்துப் பார்த்தாள். அட்டையில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஹைதராபாத்தில் முத்துமாலை மலிவு என்று மகள் சொல்லியிருந்தாள். மல்லி விற்ற காசில் ஐயாயிரம் அதற்கென்று பர்ஸில் தனியாக வைத்திருந்தாள். இதில் மிச்சம் பிடித்தால் இரட்டை வடமாகவே வாங்கலாம்.

"போட்டுத் தொலைங்க. ஆனா ஒண்ணு. இந்த வயசு விசயம் சம்பந்திக்குத் தெரியக் கூடாது."

"நான் எதுக்குப் புள்ள சொல்லப் போறேன்?"

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டிக்கெட் போடத் தங்கலட்சுமி அம்மாளின் விவரம் வேண்டியிருந்தது. சம்பந்தி ஊரான பாலவனத்தத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"யக்கா, ஒங்க ஆதார்ல வயசு என்ன போட்ருக்கு?"

"எதுக்குத் தம்பி?"

"அறுவது தாண்டியிருந்தா..."

"அம்பத்தேழு." கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது.

"ஒங்க மூத்த புள்ளைக்கே நாப்பத்திரெண்டு ஆச்சேக்கா?"

"எனக்குச் சின்ன வயசுலயே கட்டிக் குடுத்துட்டாக தம்பி."

"சரி விடுங்க. நம்ம நாகு அறுவத்தொண்ணு இருக்கா. அவ போதும், அவள வச்சே மூணு பேருக்கும் தள்ளுபடி விழுந்துரும்."

அந்தப் பக்கமிருந்து வந்த குரலில் வெல்லம் கரைந்திருந்தது. "அப்படியா! நாகஜோதிக்கு அறுவத்தொண்ணா? அட ஆத்தா, இம்புட்டு நாளா மூத்தவுகளப் பேரு சொல்லிக் கூப்புட்டுக்கிட்டு இருந்துட்டேனே. மதினி பக்கத்துல இருக்காகளாண்ணே?"

நாகஜோதி முறத்தைக் கீழே வைத்தாள்.

அந்தப் பக்கத்தில் சம்பந்தியம்மாக்களில் மூத்தவரை இளையவர் 'மதினி' என்பார். இளையவரை மூத்தவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கல்யாணம் பேசி முடித்த நாளிலிருந்து தங்கலட்சுமி அம்மாள்தான் மதினி, இவள் வெறும் நாகஜோதி. அறுபத்து மூன்றாவது இருக்கும் அந்த அம்மாளுக்கு. நாகஜோதியின் வயது என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். மதினியின் புருஷன் தம்பியாக இருக்க முடியாதென்று, பாவம், மாரிக்கண்ணனும் அதே வாயில் அண்ணன் ஆகிவிட்டார்.

"பாத்தியா, நல்ல மரியாதையான பொம்பள" என்றார் அவர் போனை வைத்துவிட்டு. நாகஜோதி அன்றைக்கு அவருக்குச் சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் இரண்டு பெண்களும் புதுவீட்டுக்குச் சேலை எடுக்க அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். கடைக்குள் நுழைந்ததுமே தங்கலட்சுமி அம்மாள், "ஏப்பா, மொதல்ல மதினிக்கு ஒரு சேரப் போடு. மூத்தவுக, நிக்க முடியாது" என்றார். உட்காரும்போது 'அம்மாடி' என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர்தான். நாகஜோதி கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட சேலையை எடுத்து மடியில் வைத்தாள். அந்த அம்மாள் அதை மெல்ல உருவிவிட்டு, விபூதிக் கலரில் ஒன்றை வைத்தார்.

"இது ஒங்க வயசுக்கு அமைப்பா இருக்கும் மதினி. அந்தப் பச்சைய எனக்குப் போடுப்பா."

நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டாள். புது வீட்டில் பால் பானையை அடுப்பில் ஏற்றுவது வந்திருக்கிற சுமங்கலிகளில் மூத்தவர் என்பது இரண்டு குடும்பத்திலும் உள்ள வழக்கம். வயதுதான் ஏறிவிட்டது, அந்தப் பெருமையாவது வரட்டும் என்று நினைத்து, "அப்ப பால் பானைய நான்தான் ஏத்தணும், என்ன?" என்றாள்.

"ஐயோ மதினி, இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கு அடுப்பும் நெருப்பும்? நீங்க ஓரமா உக்காந்து ஆசீர்வாதம் பண்ணுங்க. பானைய நான் ஏத்திக்கிருதேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாகஜோதி அதையே அரைத்துக்கொண்டு வந்தாள். மூப்பு எனக்கு, பானை அவுகளுக்கா? பச்சைச் சேலை அவுகளுக்கு, விபூதி எனக்கா? வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கூறைச் சேலைக்கு அடியில் கையை விட்டாள்.

மறுநாள் மாரிக்கண்ணன் லோடு போன பிறகு அருப்புக்கோட்டை ஆதார் மையத்துக்குப் போய் நின்றாள். மெஷினில் இருந்த பெண்ணுக்கு நர்கிஸ் என்று பெயர். வீரசோழனிலிருந்து வேலைக்கு வருகிறவள். நாகஜோதி காகிதத்தை விரித்தாள்.

"இதுல தேதிய மட்டும் பாரும்மா" என்றாள் நாகஜோதி. கணக்கு இருந்த இடத்தைக் கட்டை விரலால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

"முழுசா ஸ்கேன் பண்ணணும்க்கா. வெரல எடுங்க."

"வெரல எடுக்காம ஸ்கேன் பண்ண முடியாதா?"

நர்கிஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரலை அவளே மெதுவாக எடுத்துவிட்டாள். பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "எனக்குக் காலேஜுல கணக்கு ரெண்டு அரியர் இருக்குக்கா" என்று கண்ணைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். ரேகை வைக்கச் சொன்னபோது இந்தத் தடவை முதல் தடவையிலேயே விழுந்தது.

இருபது நாளில் மெசேஜ் வந்தது. 'நாகஜோதி, துபாய் உங்களை அழைக்கிறது' என்பதற்கும் 'மாலத்தீவுக்கு இன்றே பறக்கலாம்' என்பதற்கும் நடுவில், பிறந்த தேதி மாற்றப்பட்டதாக. போய்ப் புது அட்டையை வாங்கிவந்து, பர்ஸில் முத்துமாலைக் காசோடு வைத்துக்கொண்டாள். மாரிக்கண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் தாங்க மாட்டார். பழைய அட்டை அவருடைய பைலில் லேமினேஷன் போட்டு இருக்கிறது. அதைக் காட்டிப் போய்விட்டு வருவோம், இது நம்ம மனசுக்கு என்பதுதான் அவள் நினைப்பு. ஆனாலும் நாளைக்கு நாலு தடவையாவது பர்ஸைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பயண நாளில் மதுரை விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டார்கள். தங்கலட்சுமி அம்மாள் கிளிப்பச்சைச் சேலையில் வந்திருந்தார். நேற்றுத்தான் தலைக்குச் சாயம் போட்டிருக்க வேண்டும், காதோரத்தில் கொஞ்சம் கறுப்பு இருந்தது. "வாங்க மதினி, மெதுவா, பாத்து வாங்க. படி இருக்கு" என்று கையைப் பிடிக்க வந்தார். வாசலில் பேரைச் சரிபார்த்து உள்ளே விட்டார்கள்.

கவுண்டரில் ஒரு சின்னப் பெண், உதட்டுச் சாயம் போட்டு, சிரித்த முகமாக இருந்தாள். மாரிக்கண்ணன் பைலை நீட்டினார். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், நிமிர்ந்து மூன்று பேரையும் பார்த்தாள், தங்கலட்சுமி அம்மாளிடம், "பாட்டி, சீனியர் சிட்டிசன் நீங்கதானே? வயசு ப்ரூஃப் குடுங்க" என்றாள்.

தங்கலட்சுமி அம்மாளின் முகம் செத்துவிட்டது. "யாரப் பாத்துப் பாட்டிங்கிற? நானில்லம்மா, இவுக!" என்று நாகஜோதியைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவுகதான் மூத்தவுக. எங்க மதினி. அறுவத்தொண்ணு முடியப் போகுது. ஆளு பாக்கத்தான் தெடமா இருப்பாக, ஒடம்புல ஒண்ணுமில்ல. நல்லாச் சத்தமாப் பேசும்மா, காது வேற கொஞ்சம் மந்தம்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதே நேரம் ஒரு பையன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, "நாகஜோதி யாரு? பெரியம்மா, உக்காருங்க" என்றான்.

கவுண்டர்ப் பெண் லேமினேஷன் அட்டையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்கு அறுபத்தொண்ணா?"

காது மந்தம் என்பதுவரைக்கும் நாகஜோதி பொறுத்துக்கொண்டுதான் நின்றாள். அது மட்டும்தான் தாங்கவில்லை.

"இல்லம்மா" என்றாள். பர்ஸைத் திறந்து புது அட்டையை எடுத்து, அந்தப் பெண்ணின் முன்னால் பட்டென்று வைத்தாள். "அம்பத்தொண்ணு. காதும் நல்லாக் கேக்கும்."

மாரிக்கண்ணன் அட்டையைப் பார்த்தார். பொண்டாட்டியைப் பார்த்தார். "ஏய்... இது எப்படீ? சர்டிபிகேட் இல்லாம எப்படி மாத்துன?"

"இருந்துச்சு."

"எங்க இருந்துச்சு?"

"பெட்டிக்குள்ள. கணக்குல இருவத்தேழு மார்க்கு. நான் பத்தாவது பெயிலு. போதுமா? ஒங்களுக்கும் தெரிஞ்சிருச்சு, மதினிக்கும் தெரிஞ்சிருச்சு, இந்தா நிக்கிற சனத்துக்கும் தெரிஞ்சிருச்சு. ஆனா வயசு அம்பத்தொண்ணு."

வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மாரிக்கண்ணனுக்குப் பத்தாவது பெயிலான செய்தி உள்ளே இறங்கவே இல்லை. அதற்கு முன்னால் வேறொன்று இறங்கிவிட்டது. "அப்ப கோடு?"

"சார், பெரியவங்க யாரும் இல்லைன்னா அந்தச் சலுகை கேன்சல் ஆயிடும். மூணு டிக்கெட்டுக்கும் வித்தியாசம் கட்டணும். நாலாயிரத்து இருநூத்தி அறுபது."

மாரிக்கண்ணன் தங்கலட்சுமி அம்மாள் பக்கம் திரும்பிக் கும்பிடாத குறையாகக் கேட்டார். "யக்கா, ஒங்களுக்கு நெசமாவே அறுவது தாண்டிருச்சுல்ல? ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

அந்த அம்மாள் கூரையைப் பார்த்தார். "அட்டையில அம்பத்தேழுதான் போட்ருக்கு."

"அட்டையில இருக்கிறதுதான் சார் செல்லும்" என்றாள் கவுண்டர்ப் பெண்.

மாரிக்கண்ணன் விடவில்லை. சட்டைப் பையிலிருந்து நாள்காட்டித் தாள்களைக் கொத்தாக உருவினார். "இரும்மா. இதுல ஏதாச்சும் ஒண்ணு விழும். இந்தா, இது மழைக்காலக் கோடு. இது ஸ்டூடண்டு. இது எதுக்குன்னு தெரியல, ஆனா ராசியான கோடு, வீரசோழன்காரவுகளுக்கு ரெண்டு தடவ விழுந்திருக்கு."

"சார், கவுண்டர்ல கோடு போடுற கட்டமே கிடையாது சார்."

"கட்டமே கெடையாதா?" அவர் தோள் தொங்கிவிட்டது. காலியாகக் கிடந்தாலாவது ஒரு வழி இருந்திருக்கும்.

நாகஜோதி பர்ஸிலிருந்து முத்துமாலைக் காசை எடுத்து எண்ணி வைத்தாள். இரட்டை வடம் போயிற்று, ஒற்றை வடமும் போயிற்று. மிச்சத்தில் வேண்டுமானால் ஒரு ஜோடித் தோடு வாங்கலாம், அதுவும் சின்னதாக. ரசீதை மடித்து, புது அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக உள்ளே வைத்துப் பர்ஸை மூடினாள்.

"நாலாயிரத்து எரநூத்தி அறுவது ரூவாய்டீ" என்றார் மாரிக்கண்ணன், அழுகிற குரலில்.

"பத்து வருசத்துக்கு அம்புட்டுத்தான். கணக்குப் போட்டுப் பாருங்க, மலிவுதான். ஒரு வருசத்துக்கு நானூத்தி இருவத்தாறு."

இருபத்தேழு மார்க்கு வாங்கியவள் நின்ற நிலையில் வகுத்ததைக் கேட்டு அவர் போனில் ஒரு தடவை வகுத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

சக்கர நாற்காலிப் பையன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். நாகஜோதி வேண்டாம் என்றாள். தங்கலட்சுமி அம்மாளிடம் கேட்டான். அவர் அவனை முறைத்த முறைப்பில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

விமானத்தில் ஜன்னலோரம் மாரிக்கண்ணன் உட்கார்ந்தார். கீழே அருப்புக்கோட்டை ரோடு நூலாகத் தெரிந்தபோதும் அவர் பார்க்கவில்லை. முழுக் காசு குடுத்த ஆளாக உட்கார்ந்திருப்பது அவருக்கு உடம்புக்கே ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் தங்கலட்சுமி அம்மாள். மேகத்துக்கு மேலே போன பிறகு நாகஜோதிதான் வாயைத் திறந்தாள்.

"பால் பானைய நீங்களே ஏத்துங்க மதினி. நீங்கதான மூத்தவுக."

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். பானையை வாங்கினால் வயதையும் சேர்த்து வாங்க வேண்டும். வயதை விட்டால் பானை இவள் கைக்குப் போய்விடும். எதிர் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "மாப்ளயப் பெத்தவங்கிற மொறையில ஏத்துறேன்" என்றார்.

"அந்த மொறை இல்ல மதினி. மூத்தவுகங்கிற மொறையில ஏத்துனாத்தான் செல்லும். இல்லன்னா நான் ஏத்துறேன்."

அந்த அம்மாள் சீட்டு பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

ஹைதராபாத்தில் இறங்கினால், அது விமான நிலையமா வேறொரு ஊரா என்று தெரியாத அளவுக்கு நீண்டுகொண்டே போயிற்று. பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு நடப்பது போல. பாதி தூரத்தில் தங்கலட்சுமி அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டு முழங்காலும் மடங்க மாட்டேன் என்றன. அந்த நேரம் பார்த்து ஒரு பையன், 'நாகஜோதி' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, காலிச் சக்கர நாற்காலியோடு எதிரே நின்றான். மாரிக்கண்ணன் போட்ட டிக்கை மதுரையோடு யாரும் அழிக்கவில்லை.

மாரிக்கண்ணன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "பாத்தியா! இது இன்னும் சும்மாத்தான் இருக்கு!"

மூன்று பேரும் நாற்காலியைப் பார்த்தார்கள். நாகஜோதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்து நின்றாள்.

தங்கலட்சுமி அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். பாலவனத்தத்துக்காரர்கள் ஒருவரும் இல்லை. கிளிப்பச்சைச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, 'அம்மாடி' என்று உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கால் இரண்டையும் நீட்டிக் கண்ணை மூடி, ஒரு பெரிய மூச்சு விட்டார். பையன் தள்ள ஆரம்பித்தான். நாகஜோதி வேண்டுமென்றேதான் நாற்காலிக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

"ஏ நாகஜோதி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் மெதுவாப் போம்மா. அங்க போயி அந்தப் பானைய வெளக்கி வையி, நான் ஏத்துறேன்."